பாலைவனத்தில் டீம் கேம்பிங்: பொறுப்பு உங்களிடம் வந்தால்…

"இந்த முறை டீம் அவுட்டிங்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்." மேனேஜர் இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பீட்சா, பௌலிங் என்றால் ஒரு மதிய இடைவேளையில் ஏற்பாடு முடிந்துவிடும். ஆனால், தெற்கு கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் உங்கள் டீம் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் இரண்டு இரவு கேம்பிங் போகலாம் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டால், அதை ஒரு ப்ராஜெக்ட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தில் மறந்துபோன பொருளைப் பத்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். இங்கே முடியாது. பூங்காவுக்குள் கடை கிடையாது, உணவகம் கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது. பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. முகாம்களில் பலவற்றில் குடிதண்ணீர்க் குழாய்கூட இல்லை. கிளம்பும் முன் முடிவு செய்யாத எதையும் அங்கே போய்ச் சமாளிக்க வழியில்லை. எனவே, நுழைவாயிலைத் தாண்டுவதற்கு முன்பே எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதி முடித்திருக்க வேண்டும். எதை, எப்போது, யார் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. முதலில் இடத்தைப் படியுங்கள்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே சுமார் 140 மைல் தொலைவில் இருக்கிறது ஜோஷுவா ட்ரீ. 1936-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, 1994-இல் தேசியப் பூங்காவானது. மொஹாவி, கொலராடோ என்னும் இரண்டு பாலைவனங்கள் சந்திக்கும் இடம் இது. மேற்கே இருக்கும் மொஹாவி பகுதி உயரமானது, சற்றே குளிர்ச்சியானது. கைகளை விரித்து நிற்பதுபோன்ற ஜோஷுவா மரங்கள் அங்கேதான் அதிகம். கிழக்கே சுமார் 3,000 அடிக்குக் கீழே இறங்கும் கொலராடோ பகுதியில் வெப்பம் கூடும். அங்கே சோயா (cholla) கள்ளியும் புதர்களும்தான்.

இந்த விவரம் உங்களுக்கு எதற்கு? எந்த முகாமைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரவுக் குளிர், தண்ணீர், பயண நேரம் எல்லாமே மாறும். ஜம்போ ராக்ஸ் முகாம் சுமார் 4,400 அடி உயரத்தில் இருக்கிறது. காட்டன்வுட் முகாம் சுமார் 3,000 அடியில். ஒரே பூங்கா, ஒரே இரவு. ஆனால் ஓரிடத்தில் ஒரு போர்வை கூடுதலாக வேண்டியிருக்கும்.

நுழைவாயில்கள் மூன்று: மேற்கே ஜோஷுவா ட்ரீ ஊர், வடக்கே ட்வென்டிநைன் பாம்ஸ், தெற்கே ஐ-10 நெடுஞ்சாலையை ஒட்டிய காட்டன்வுட். வார இறுதிகளில் மேற்கு வாயிலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பலருக்கும் அதுதான் பழக்கமான வழி. வடக்கு வாயில் சற்றுச் சுற்று என்றாலும் பெரும்பாலும் காத்திருப்பு குறைவு.

2. தேதியை இரண்டு நாட்காட்டிகளில் பாருங்கள்

முதல் நாட்காட்டி வானிலை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பகலில் 29 டிகிரி செல்சியஸ் அளவிலும், இரவில் 10 டிகிரி அளவிலும் இருக்கும். குளிர்காலத்தில் பகல் 15 டிகிரி சுகமாக இருந்தாலும், இரவில் உறைநிலைக்குப் போகும். கோடையில் 38 டிகிரியைத் தாண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் மழையும் வெள்ளமும் வரலாம். அனுபவமில்லாதவர்கள் இருக்கும் அலுவலகக் குழுவுக்குக் கோடை வேண்டவே வேண்டாம். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை, அல்லது மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் பொருத்தம்.

இரண்டாவது நாட்காட்டி அலுவலகத்துடையது. காலாண்டு முடிவு, ரிலீஸ் வாரம், தணிக்கை, பெரிய கிளையன்ட் சந்திப்பு எதுவும் முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்கு இருக்கக் கூடாது. திங்கட்கிழமை காலை முக்கியமான டெமோ இருந்தால், ஞாயிறு முழுக்கப் பாதிப் பேரின் மனம் அலுவலகத்தில்தான் இருக்கும்.

இரண்டும் ஒத்துவரும் தேதிகள் கிடைத்த பிறகு நிலவைப் பாருங்கள். 2017-இல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற தகுதி பெற்ற இடம் இது. அமாவாசையை ஒட்டிய வார இறுதி என்றால் பால்வழியை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளி, சனி இரவுகளுக்குப் பதிலாக வியாழன், வெள்ளி என்று மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வேலைநாளை விட்டுக்கொடுத்தால் முகாமில் இடம் கிடைப்பது எளிதாகும், கூட்டமும் குறையும். சனி மதியம் வீடு திரும்பினால் ஞாயிறு ஓய்வு குடும்பத்துக்கு.

3. முன்பதிவு: எந்த முகாம், எத்தனை சைட்?

பூங்காவில் ஏறக்குறைய 500 கேம்ப் சைட்டுகள் உள்ளன. ஆனாலும் வசந்த கால வார இறுதிகளில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. தனி சைட்டுகளுக்கான முன்பதிவு ஆறு மாதங்களுக்கு முன்பே ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் திறந்துவிடும்; குழு சைட்டுகளுக்கு ஓராண்டுக்கு முன்பே. ஹிட்டன் வேலி, வைட் டேங்க் போன்ற சில முகாம்கள் 'முதலில் வருபவருக்கே' என்ற முறையில் இயங்குபவை. நண்பர்கள் நாலு பேர் என்றால் அந்தச் சூதாட்டத்தை ஆடிப் பார்க்கலாம். அலுவலகப் பணத்தில், பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஆடக் கூடாது.

ஒரு தனி சைட்டில் அதிகபட்சம் 6 பேர், 3 டென்ட், 2 வண்டி. அந்த இரண்டாவது வண்டிக்கும் சைட்டில் இடம் இருந்தால்தான் அனுமதி. உங்கள் டீமில் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சைட், ஆறு டென்ட், நான்கு கார், காருக்கு மூன்று பேர். கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு ஆள்கூட அதிகமாகச் சேர முடியாது. 12 பேருக்கு மேல் போனால் ஷீப் பாஸ், இண்டியன் கோவ், காட்டன்வுட் ஆகிய மூன்று முகாம்களில் இருக்கும் குழு சைட்டுகளுக்குப் போய்விடுங்கள்.

எந்த முகாம் யாருக்கு?

• பிளாக் ராக், காட்டன்வுட்: குடிதண்ணீரும் ஃப்ளஷ் கழிப்பறையும் உண்டு. டீமில் பாதிப் பேர் இதுவரை டென்ட்டில் தூங்கியதே இல்லை என்றால் இவைதான் நல்லவை. குறை என்னவென்றால், இரண்டுமே பூங்காவின் மையப்பகுதியிலிருந்து தள்ளி இருக்கின்றன. பிளாக் ராக்கிலிருந்து மையப்பகுதிக்குப் போக, வெளியே வந்து மேற்கு வாயில் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

• ஜம்போ ராக்ஸ்: 124 சைட்டுகள் கொண்ட பெரிய முகாம். பாறைகளுக்கு நடுவே, ஸ்கல் ராக் என்னும் பாறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீர் இல்லை; குழிக் கழிப்பறைதான். பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் அருகில் என்பதால் ஓரளவு பழக்கமுள்ள குழுவுக்கு ஏற்றது.

• இண்டியன் கோவ்: பாறை ஏறுபவர்களுக்குப் பிடித்த இடம். ட்வென்டிநைன் பாம்ஸ் பக்கம் என்பதால் ஊருக்குப் போய் வருவது எளிது. ஆனால் இங்கிருந்தும் பூங்காவுக்குள் நேர்ச்சாலை கிடையாது.

முன்பதிவைத் தனி ஒருவரின் பெயரில் செய்வதால், அவர் கட்டாயம் வர வேண்டியவராக இருக்கட்டும். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை அப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. அது வண்டிக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். யாரிடமாவது தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒரு வண்டிக்கான கட்டணம் மிச்சம்.

4. "வருகிறாயா?" என்று கேட்கும் விதம்

டீம் கேம்பிங்கில் பலரும் சறுக்குவது இங்கேதான். உடன் வேலை செய்பவர்களோடு இரண்டு இரவு டென்ட்டில் தூங்குவது எல்லோருக்கும் உவப்பான விஷயம் இல்லை. கைக்குழந்தை வீட்டில் இருப்பவர், முதுகுவலிக்காரர், குறட்டையை நினைத்துக் கூச்சப்படுபவர், விரதத்தில் இருப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

• வருவது விருப்பம் மட்டுமே என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதுங்கள். வராதவர்களிடம் காரணம் கேட்காதீர்கள்.

• பகலில் மட்டும் வந்து மாலையில் திரும்பும் வாய்ப்பையும் கொடுங்கள். பாம் ஸ்பிரிங்ஸிலோ ட்வென்டிநைன் பாம்ஸிலோ ஹோட்டலில் தங்கிக்கொள்ளவும் வழி விடுங்கள்.

• யாருடன் டென்ட்டைப் பகிர்வது என்பதை அவரவரே முடிவு செய்யட்டும். தனி டென்ட் வேண்டும் என்பவருக்குக் கேள்வி கேட்காமல் கொடுங்கள். டென்ட் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், இதை முன்பதிவுக்கு முன்பே கேட்க வேண்டும்.

• ஒவ்வாமை, அவசரத் தொடர்பு எண் போன்ற விவரங்களை அவரவர் ஓர் உறையில் எழுதி மூடிக் கொடுக்கட்டும். பொது ஷீட்டில் நோய் விவரங்கள் வரக் கூடாது.

ஹெச்.ஆரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இது அலுவலக நிகழ்ச்சியா, தனிப்பட்ட பயணமா? விபத்து நேர்ந்தால் காப்பீடு எப்படி? மது அனுமதி உண்டா? கலிஃபோர்னியாவில் வேலையின் பொருட்டு ஊழியர் செய்யும் அவசியமான செலவை நிறுவனமே திருப்பித் தர வேண்டும் என்கிறது தொழிலாளர் சட்டத்தின் 2802-ஆவது பிரிவு. மணிக்கூலிக்கு வேலை செய்பவர்களைக் கட்டாயப்படுத்தி அழைத்தால், அந்த நேரத்துக்குச் சம்பளக் கேள்வியும் எழும். விருப்பம் என்று சொல்வது மரியாதைக்கு மட்டும் இல்லை, சட்டத்துக்கும் நல்லது.

5. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர்

"எல்லாரும் பாத்துக்கலாம்" என்று விட்ட வேலையை யாரும் பார்க்க மாட்டார்கள். ஐந்து பொறுப்புகள், ஐந்து பெயர்கள்:

• தண்ணீர்: கணக்கிடுவது, வாங்குவது, கார்களுக்குப் பிரிப்பது.

• வண்டி: ஓட்டுநர்கள், டயர், ஸ்பேர் டயர், எரிபொருள், வழி.

• சாப்பாடு: மெனு, அடுப்பு, ஐஸ் பெட்டி, குப்பை.

• தங்குமிடம்: டென்ட், ஸ்லீப்பிங் பேக், விளக்கு, நெருப்பு.

• பாதுகாப்பு: முதலுதவிப் பெட்டி, தலை எண்ணிக்கை, அவசரத் திட்டம்.

நீங்கள் இந்த ஐந்தில் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து பேரையும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் சந்தித்து, "என்ன முடிந்தது, என்ன பாக்கி?" என்று கேட்பதுதான் உங்கள் வேலை. டீமில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். அவர் எல்லோரிடமும் பேசியாக வேண்டிய நிலை வரும். அதிலேயே அவரது தயக்கம் போய்விடும்.

6. தண்ணீர்க் கணக்கு

பாலைவனத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வேண்டும் என்பது பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை. நடைப்பயணம் போகிறவர்களுக்கு இரண்டு கேலன். 12 பேர், மூன்று நாள், இரண்டு கேலன் என்றால் 72 கேலன். ஏறக்குறைய 270 லிட்டர். முதல் நாளும் கடைசி நாளும் அரை நாட்கள்தானே என்று கழிக்காதீர்கள். சமைக்க, கை கழுவ, பாத்திரம் துலக்க அந்த மிச்சம் போய்விடும்.

270 லிட்டர் தண்ணீரின் எடை 270 கிலோ. நான்கு காருக்குப் பிரித்தால் காருக்கு 68 கிலோ. ஒரு ஆளின் எடை! காரில் ஐந்து பேரை அடைத்துவிட்டு, டிக்கியில் தண்ணீரும் டென்ட்டும் ஐஸ் பெட்டியும் வைக்கலாம் என்ற நினைப்பு இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகும். காருக்கு மூன்று பேர் என்று முன்பு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாத் தண்ணீரையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள். அந்த வண்டி வழியில் நின்றுவிட்டால் மொத்தக் குழுவும் தவிக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் நல்லதில்லை. வியர்வையில் உப்பும் போகிறது. முறுக்கு, உப்புக் கடலை, ஊறுகாய் தொட்ட தயிர்சாதம், எலக்ட்ரோலைட் பொடி என்று ஏதாவது உப்பு உள்ளே போக வேண்டும்.

7. சாப்பாடு: மெனுவை எளிதாக்குங்கள்

முதல் நாள் இரவு சமைக்காதீர்கள். டென்ட் அடிப்பதற்குள் இருட்டிவிடும், எல்லோரும் களைத்திருப்பார்கள். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், சப்பாத்தி, உருளைக்கிழங்குப் பொரியல் என்று வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருப்பவர்கள் ஆர்டீசியாவின் பயனியர் சாலைக் கடைகளில் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிடலாம். டீமில் மற்ற நாட்டவரும் இருப்பார்கள் என்பதால் சைவம், அசைவம், வீகன், ஹலால் என்று முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காரத்தைத் தனியாக வைத்தால் யாருக்கும் சிக்கல் இல்லை.

இரண்டாம் நாள் காலை ரவா உப்புமா அல்லது முட்டை. மதியம் ரொட்டி, சுண்டல், பழம் என்று அடுப்பு பற்றவைக்காத உணவு. இரவு மட்டும் ஒரு பெரிய பாத்திரச் சமையல். இரண்டு பர்னர் கொண்ட புரொபேன் அடுப்பு சைட்டுக்கு ஒன்று போதும். டென்ட்டுக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

விறகை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் காய்ந்த குச்சியைப் பொறுக்குவதுகூடத் தடை. நெருப்பு மூட்டுவது அதற்கென்று வைத்திருக்கும் இரும்பு வளையங்களில் மட்டும். காற்றும் வறட்சியும் கூடினால் நெருப்புக்கே தடை வரும். கிளம்பும் முன் பூங்கா அறிவிப்பைப் பாருங்கள்.

மிச்சம் மீதியை வெளியே விடாதீர்கள். கயோட்டிகள் வந்துவிடும். வெயில் நாட்களில் தேனீக்கள் ஈரத்தைத் தேடி அலையும்; திறந்த ஜூஸ் கேன், ஈரத் துண்டு, ஏ.சி. தண்ணீர் சொட்டும் காரின் அடிப்பகுதி என்று எங்கும் மொய்க்கும். தேனீ ஒவ்வாமை உள்ளவர் தன் மருந்தைக் கையிலேயே வைத்திருக்கட்டும்.

8. படுக்கையும் உடையும்

பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்து டி-ஷர்ட்டோடு வருபவர்தான் இரவு இரண்டு மணிக்குக் காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார். உறைநிலை வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக், அதற்கு அடியில் தரைக் குளிரைத் தடுக்கும் மெத்தை, கம்பளித் தொப்பி, கனமான ஜாக்கெட் எல்லோருக்கும் கட்டாயம். பகலுக்கு அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கத் தேவையில்லை. ஆர்ஈஐ போன்ற கடைகளின் சில கிளைகளில் டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாடகைக்குக் கிடைக்கும். அலுவலகத்திலேயே கேம்பிங் போகிறவர்கள் இருப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள். எங்கிருந்து வந்தாலும் ஒவ்வொரு டென்ட்டையும் முந்தைய வாரமே அலுவலகப் புல்வெளியில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். ஒரு கம்பி குறைவது அங்கே போய்த் தெரிந்தால் பயனில்லை. காற்று பலமாக வீசும் இடம் என்பதால் நீளமான முளைகளும் கூடுதல் கயிறும் வேண்டும். ஆளுக்கொரு ஹெட்லாம்ப், முடிந்தால் சிவப்பு ஒளி வசதியோடு. வெள்ளை வெளிச்சம் நட்சத்திரம் பார்ப்பவர்களின் கண்ணைக் கெடுக்கும்.

9. அலுவலகத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்

"ஏதாவது அவசரம் என்றால் கூப்பிடுங்கள்" என்று இந்தப் பயணத்தில் சொல்லவே கூடாது. கூப்பிட்டால் கிடைக்க மாட்டீர்கள்.

• ஆன்-கால் பணியில் இருப்பவர் வரக் கூடாது. வர விரும்பினால் ஷிஃப்டை வேறொருவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஷிஃப்டை எடுப்பவருக்கு நன்றியோடு ஒரு நாள் விடுப்பும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

• அவுட்-ஆஃப்-ஆஃபீஸ் செய்தியில் திரும்பும் தேதி, மாற்று ஆளின் பெயர் இரண்டும் இருக்கட்டும்.

• பாதியில் நிற்கும் வேலைகளின் நிலையை ஒரு பக்கத்தில் எழுதி, வராமல் இருப்பவரிடம் ஒப்படையுங்கள். கிளையன்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள்.

• பூங்கா வரைபடத்தைப் போனில் ஆஃப்லைனாக இறக்கிக்கொள்ளுங்கள். காருக்கு ஒரு தாள் வரைபடமும் வேண்டும்.

• போகும் முகாம், சைட் எண், கார் எண்கள், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

10. நிகழ்ச்சி நிரல்: பாதியைக் காலியாக விடுங்கள்

வெளிச்சம் இருக்கும்போதே முகாமை அடைவது முதல் இலக்கு. டென்ட் அடித்து, ஒரு சுற்றறிமுகம், கட்டுச்சோறு, தூக்கம். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பக்கத்து சைட்டில் குடும்பங்கள் இருக்கும். ப்ளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ட்ரோனும் தேசியப் பூங்காக்களில் தடை.

அடுத்த நாள் காலையில், வெயில் ஏறுமுன், இரண்டு குழுவாகப் பிரியுங்கள். கால் வலிமை உள்ளவர்கள் ரயன் மலை ஏறட்டும். போய்வர மூன்று மைல், சுமார் ஆயிரம் அடி ஏற்றம். மற்றவர்களுக்கு ஹிட்டன் வேலியில் ஒரு மைல் சுற்றுப்பாதை இருக்கிறது. மதியம் நிழலில் ஓய்வு. அலுவலக விஷயம் பேசியே ஆக வேண்டும் என்றால் இந்த நேரத்தில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ஸ்லைடு கிடையாது, ஒரே ஒரு கேள்வி: "அடுத்த ஆறு மாதத்தில் நாம் எதை நிறுத்த வேண்டும்?" மாலையில் கீஸ் வியூ காட்சிமுனை. 5,185 அடி உயரத்திலிருந்து கோச்செல்லா பள்ளத்தாக்கும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் தடமும், வானம் தெளிவாக இருந்தால் சால்டன் ஏரியும் தெரியும். அஸ்தமனத்துக்கு நல்ல இடம். காற்றடிக்கும், ஜாக்கெட் வேண்டும்.

ஜோஷுவா மரத்தில் சாய்வது, ஏறுவது, ஊஞ்சல் கட்டுவது எதுவும் கூடாது. மெதுவாக வளரும் தாவரம் அது. அதைக் காக்கவே கலிஃபோர்னியா 2023-இல் தனிச் சட்டம் இயற்றியது. டீம் புகைப்படத்தைப் பாறை முன்னால் எடுத்துக்கொள்ளலாம். சோயா கள்ளித் தோட்டத்துக்குப் போனால் பாதையை விட்டு விலகாதீர்கள். அதன் முள் லேசாக உரசினாலும் ஒட்டிக்கொண்டு வரும். முதலுதவிப் பெட்டியில் சீப்பும் இடுக்கியும் இருந்தால் எடுத்துவிடலாம்.

11. அவசரத் திட்டம் ஒரு தாளில்

பாதுகாப்புப் பொறுப்பாளர் கிளம்பும் முன் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டியவை:

• தனியாக நடக்கக் கூடாது. போகும்போதும் வரும்போதும் தலை எண்ணிக்கை.

• கையிலிருக்கும் தண்ணீர் பாதியானதும் திரும்பிவிட வேண்டும். மலை உச்சி பக்கத்தில் இருந்தாலும் சரி.

• தலைசுற்றல், குமட்டல், தலைவலி வந்தால் நிழல், தண்ணீர், உப்பு, ஓய்வு. பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு. உடலைக் குளிர்வித்துக்கொண்டே உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

• கார் நின்றுவிட்டால் காரை விட்டுப் போகக் கூடாது. நடந்து போகும் மனிதரைவிட நிற்கும் காரைக் கண்டுபிடிப்பது எளிது.

• மேகம் திரண்டால் வறண்ட ஓடைப்படுகையில் நிற்கக் கூடாது. மழை தொலைவில் பெய்தாலும் வெள்ளம் இங்கே வரும்.

• இண்டியன் கோவ் ரேஞ்சர் நிலையத்திலும், ஹிட்டன் வேலிக்கு அருகே இன்டர்செக்‌ஷன் ராக் வாகன நிறுத்தத்திலும் அவசரத் தொலைபேசி உண்டு. ஐபோன் 14-இலும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பலாம். யாரிடம் அந்தப் போன் இருக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள்.

வாடகைக் கார் எடுத்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மண் சாலையில் ஓட்டத் தடை இருப்பது வழக்கம். ஓட்டப் போகும் எல்லோருடைய பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கடைசி ஊரில் டாங்க்கை நிரப்பிவிட்டு உள்ளே போங்கள்.

12. திரும்பிய பிறகு

குப்பை முழுவதும் உங்களோடு வெளியே வரட்டும், காலியான புரொபேன் சிலிண்டர் உட்பட. செலவுக் கணக்கை இரண்டு வேலைநாளுக்குள் ரசீதுகளோடு கொடுத்துவிடுங்கள். ஐந்து பொறுப்பாளர்களுக்கும் தனித்தனியாக, அவர்கள் செய்த ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லி, மேனேஜரையும் சேர்த்து நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள். எது போதவில்லை, எது மிஞ்சியது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி டீம் ஃபோல்டரில் வையுங்கள்.

ஆண்டு மதிப்பீட்டில் இதை எழுதலாமா? தாராளமாக எழுதலாம். "டீம் அவுட்டிங் நடத்தினேன்" என்று எழுதினால் எடுபடாது. "12 பேருக்கு இரண்டு இரவு முகாமை ஆறு மாதத் திட்டத்தில், ஐந்து பொறுப்பாளர்களை ஒருங்கிணைத்து, ஒதுக்கிய பட்ஜெட்டுக்குள் நடத்தினேன்; ஆன்-கால் பணியில் தடை வராமல் மாற்று ஏற்பாடு செய்தேன்" என்று எழுதினால் திட்டமிடல், பணப் பொறுப்பு, ஆள் மேலாண்மை மூன்றும் தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிறந்தநாள் கேக், வழியனுப்பு விழா, அவுட்டிங் என்று இந்த வகை வேலைகள் ஒருவர் தலையிலேயே, பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையிலேயே விழுந்துகொண்டிருக்கும் அலுவலகங்கள் நிறைய. நன்றாகச் செய்தவரிடமே மறுபடியும் தள்ளுவார்கள். ஒருமுறை பொறுப்பெடுங்கள், பழுதில்லாமல் முடியுங்கள், எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மேனேஜர் உங்கள் பக்கம் திரும்பும்போது, அந்த ஒரு பக்கக் குறிப்பை வேறொருவர் கையில் கொடுத்து, "இந்த முறை இவர் நடத்தட்டும், நான் கூட இருந்து உதவுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.